தகட்டைப் படிக்கத் தெரிந்த பெட்டி

தமிழ் படித்தவர்களுக்கு ஏட்டுச்சுவடி என்றதும் கரையானும் ஆடிப்பெருக்கும் நினைவுக்கு வரும். சுவடிகள் அழிந்த வழிகளைப் பற்றி நம்மவர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். சுவடி அழியாமல் இருந்தும் படிக்கப்படாமல் கிடந்த கதையை அவ்வளவாக எழுதவில்லை. ஓலை நன்றாக இருக்கும்; எழுத்தும் இருக்கும்; படிப்பதற்கு ஆள் இராது. புள்ளி வைக்கப்படாத மெய், குறிலும் நெடிலும் வேறுபடாத எகர ஒகரங்கள், காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும் வரிவடிவம் ஆகியவற்றைக் கடந்து செல்லத் தெரிந்தவருக்குத்தான் ஏடு பேசும். மற்றவருக்கு அது கீறல் விழுந்த ஓலை. ஏட்டைக் காப்பது ஒரு வேலை என்றால், ஏட்டைப் படிக்கும் அறிவைக் காப்பது இன்னொரு வேலை. இரண்டும் வேறு வேறு என்பதை, ஓலையோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு காரியத்தில் இறங்கியபோதுதான் நாங்கள் கண்ணெதிரே கண்டோம். அந்தக் காரியம், பழைய டிவிடி டிரைவ் ஒன்றின் நிலைபொருளைக் கட்டளை வரியிலிருந்து புதுப்பித்தது.

இலக்கிய வாசகர்களுக்கு இது என்ன விஷயம் என்று தோன்றலாம். சற்றுப் பொறுத்துப் படிக்க வேண்டுகிறோம்.

எங்கள் தமிழ்த்துறையில் ஓர் இரும்பு அலமாரி உண்டு. அதில் 186 டிவிடித் தகடுகள் இருக்கின்றன. 2003 முதல் 2006 வரை, முதுகலையிலும் ஆய்வு வகுப்பிலும் இருந்த நாங்கள் கொள்ளிடக்கரைக் கிராமங்களில் அலைந்து ஒலிநாடாவில் பதிவு செய்த நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, கூத்து ஒத்திகை ஆகியவற்றின் எண்மப் படிகள் அவை. ஒரு தகட்டில் 4.7 கிகாபைட் கொள்ளும். இசைக் குறுந்தகட்டின் தரத்திலேயே, சுருக்காமல் ஒலியைப் பதித்தால் ஏழு மணி நேரத்துக்கும் சற்று அதிகமாக அடங்கும். அந்நாளில் எங்களுக்கு அது கடலளவாகத் தோன்றியது. தகட்டுக்கு மாற்றிவிட்ட நம்பிக்கையில், பூஞ்சை பிடித்த ஒலிநாடாக்கள் பின்னாளில் ஒரு அறை மாற்றத்தின்போது கழித்துக்கட்டப்பட்டன. ஆகவே இப்போது மூலமும் படியும் அந்தத் தகடுகளே. பாடியவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை.

அண்மைக் கோடை விடுமுறையில் எல்லாவற்றையும் வன்தட்டுக்கு மாற்ற உட்கார்ந்தோம். இன்றைய மடிக்கணினிகளில் தகடு போடும் வாயே கிடையாது என்பதால், யுஎஸ்பியில் செருகும் மெல்லிய டிரைவ் ஒன்றை வாங்கினோம். 163 தகடுகள் நல்லபடியாகப் படிந்தன. 23 தகடுகளைப் போட்டால் டிரைவ் சுழலும், நிற்கும், மறுபடி சுழலும். கடைசியில் உள்ளே தகடே இல்லை என்று சொல்லிவிடும். கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் கீறல் இல்லை, கறை இல்லை. ஊதாநிறம் மின்னிக்கொண்டிருந்தது. ஆனால் பெட்டிக்கு அது வெற்றுப் பிளாஸ்டிக்.

இங்கே தகடு என்பது என்ன, அதைப் படிப்பது என்பது என்ன என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆலையில் அச்சடித்து வரும் தகட்டில் நுண்ணிய குழிகள் சுருள்பாதையாக அமைந்திருக்கும். நாம் வீட்டில் எழுதும் தகட்டில் குழி இல்லை. சாயப் படலம் ஒன்று இருக்கிறது. எழுதும்போது லேசர் அந்தச் சாயத்தைச் சூடேற்றி ஒளியை மங்கலாகத் திருப்பும் புள்ளிகளை உண்டாக்குகிறது. படிக்கும்போது அதே லேசர், குறைந்த வலிமையில், மங்கலையும் பளிச்சையும் பிரித்துப் பார்க்கிறது. டிவிடியில் அந்தச் செவ்வொளியின் அலைநீளம் 650 நானோமீட்டர். சுருளின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள இடைவெளி 0.74 மைக்ரான். சுழன்றுகொண்டே மேலும் கீழும் ஆடும் தகட்டின் மீது இந்த நூலிழைப் பாதையை விட்டு விலகாமல் ஒளிப்புள்ளியை நிறுத்த வேண்டும். சாயம் வெளுத்துவிட்டால் எவ்வளவு மங்கலை மங்கல் என்று கொள்வது, எத்தனை முறை திரும்ப முயல்வது, எந்த வேகத்துக்கு இறங்கிப் பார்ப்பது என்றெல்லாம் முடிவெடுக்க வேண்டும். இந்த முடிவுகள் தகட்டில் எழுதப்பட்டிருக்கவில்லை. பெட்டிக்குள் ஒரு சிறு சில்லில் எழுதப்பட்டிருக்கின்றன. அதுதான் நிலைபொருள், பேச்சு வழக்கில் ஃபர்ம்வேர்.

இந்தச் சொல்லுக்கும் ஒரு பிறப்பு உண்டு. ஆஷர் ஓப்ளர் என்பவர் 1967இல் டேட்டாமேஷன் இதழில் எழுதிய கட்டுரையில் ஃபர்ம்வேர் என்ற சொல்லை உருவாக்கினார். வன்பொருளும் அல்ல, மென்பொருளும் அல்ல; இரண்டுக்கும் நடுவே உறுதிப்பட்டு நிற்பது என்பது பொருள். தமிழில் நிலைபொருள் என்று ஆக்கியவர் யாராயினும் நல்ல காது உள்ளவர். ஆனால் நிலைத்த பொருள் என்ற பெயரைத் தாங்கிய இது, உண்மையில் மாற்றத்தக்கது. 1980களில் ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகம் பரவலான பிறகு, பெட்டியைத் திறக்காமலே இதை அழித்து எழுத முடிந்தது.

டிரைவ்களுக்கு இந்த வசதி ஏன் தேவைப்பட்டது என்பதில்தான் எங்கள் 23 தகடுகளின் கதையும் அடங்கியிருக்கிறது. எழுதத்தக்க ஒவ்வொரு தகட்டிலும், அதைச் செய்தவர் யார், எந்த வகை என்று சொல்லும் ஒரு குறியீடு ஆலையிலேயே பதிக்கப்பட்டிருக்கும். டிரைவ் அந்தக் குறியீட்டைப் படித்து, தன் நிலைபொருளில் உள்ள அட்டவணையில் தேடும். இந்தச் சாயத்துக்கு இவ்வளவு வலிமை, இத்தனை நேரம், இந்த விதமான துடிப்பு என்று அங்கே குறிப்பு இருக்கும். அட்டவணையில் இல்லாத தகடு வந்தால், பொதுவான ஒரு முறையில் எழுதிவைக்கும். டிரைவ் வெளியான பிறகும் புதிய புதிய தகடுகள் சந்தைக்கு வந்துகொண்டே இருந்ததால், அட்டவணையையும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. லினக்ஸில் ஒரு கட்டளை கொடுத்து மற்றத் தகடுகளின் குறியீட்டைப் பார்த்தோம். அவை மூன்று நான்கு வகையின. படியாத 23இல் குறியீடாவது தெரிந்தவை ஐந்துதான். அந்த ஐந்தும் ஒரே குறியீடு. 2006இல் மலிவாகக் கிடைத்த ஒரு கட்டிலிருந்து வந்தவை அவை. எழுதிய டிரைவின் நிலைபொருளோ 2005ஆம் ஆண்டினது. அறியாத ஓலையில் எழுத்தாணியின் அழுத்தம் தெரியாமல் எழுதியதைப்போல ஆகியிருக்கக்கூடும்.

பிழை இருந்தாலும் படிக்க முடியும் என்பதுதான் டிவிடியின் அழகு. ரீட், சாலமன் என்ற இரு கணித அறிஞர்கள் 1960இல் வெளியிட்ட பிழைதிருத்த முறை அதற்கு ஆதாரம். 192 வரிசை, 172 நெடுவரிசையாகத் தரவை அடுக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் 10 பைட்டும் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் 16 பைட்டும் காப்பாகச் சேர்க்கிறார்கள். குறுக்கே சில இடங்கள் சிதைந்தால் நெடுக்கே பார்த்து மீட்கலாம். மாணவர்களுக்கு இதை நாங்கள் யாப்பைக்கொண்டு விளக்குவதுண்டு. சுவடியில் ஓரெழுத்து பொடிந்துபோயிருந்தால், எதுகை இன்ன எழுத்தைக் கேட்கிறது, தளை இன்ன சீரைக் கேட்கிறது என்று பதிப்பாசிரியர் ஊகிக்கிறார் அல்லவா? உரைநடையில் போன எழுத்து போனதுதான். செய்யுளில் போன எழுத்தைச் செய்யுளே திருப்பித் தருகிறது. தகடும் ஒருவகைச் செய்யுள்தான். ஆனால் எதுகை மோனை தெரிந்தவர் முன்னே அந்த வரி வந்து சேர வேண்டும். எங்கள் புதிய டிரைவ் தகட்டை ஏடு என்றே ஒப்புக்கொள்ளாததால் யாப்புக்குப் போவதற்கே வழியில்லாமல் இருந்தது.

இத்தகைய நிலையில் அனுபவசாலிகள் சொல்லும் முதல் யோசனை, எழுதிய டிரைவிலேயே படித்துப் பார் என்பது. அந்த டிரைவ் துறையின் பழைய மேசைக் கணினியில், பட்டையான ஐடிஇ கம்பியோடு, இன்னும் இருந்தது. போட்டுப் பார்த்தோம். தகடு இருக்கிறது என்பதை இது ஒப்புக்கொண்டது. சில நிமிடம் படித்துவிட்டு முடங்கியது. நம்பிக்கை துளிர்த்தது. டிரைவிடம் நீ யார் என்று கேட்பதற்கு ஒரு கட்டளை உண்டு. பதினாறடிமான எண்ணில் அதற்கு 12 என்று பெயர். விடையாக, எட்டெழுத்தில் தயாரிப்பாளர், பதினாறெழுத்தில் மாதிரி, நான்கெழுத்தில் நிலைபொருளின் பதிப்பு என்று டிரைவ் தன் மெய்க்கீர்த்தியைச் சொல்லும். எங்களுடையது முதல் பதிப்பிலேயே நின்றிருந்தது. அதற்குப் பின் மூன்று பதிப்புகள் வெளியாகியிருந்தன. கடைசிப் பதிப்பின் குறிப்பில், சில தகடுகளைப் படிக்கும் திறன் மேம்படுத்தப்பட்டது என்று ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியை நம்பித்தான் இறங்கினோம்.

தயாரிப்பாளரின் பக்கம் மறைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. இணைய ஆவணக் காப்பகத்தில் அதன் பழைய படி ஒன்று கிடைத்தது. கோப்பும் அங்கேயே இருந்தது. ஆனால் மாதிரிப் பெயரின் கடைசி எழுத்து வேறான மூன்று கோப்புகள். பாடபேதம் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது பெரிய தொல்லையன்று. இருந்தும், இங்கே தவறான பாடத்தைத் தேர்ந்தால் அடிக்குறிப்பில் திருத்தி எழுதிவிட முடியாது. டிரைவின் மேலே ஒட்டியிருந்த சீட்டையும், அது சொன்ன மெய்க்கீர்த்தியையும், கோப்போடு வந்த குறிப்பையும் மூன்று பேர் தனித்தனியே ஒப்பிட்டுப் பார்த்துச் சரி என்ற பிறகே மேலே சென்றோம்.

கட்டளை வரி ஏன் என்று கேட்கலாம். விண்டோஸில் இரட்டைச் சொடுக்கில் இயங்கும் ஒரு செயலி அந்நாளில் இருந்தது. இன்றைய விண்டோஸில் அது எழுந்திருக்கவே மறுக்கிறது. மேலும், அது பழையதைப் படியெடுத்து வைக்காது. நேரே அழித்து எழுதும். மீடியாடெக் சில்லு கொண்ட டிரைவ்களுக்கென்று டாஸில் இயங்கும் எம்டிகேஃபிளாஷ் என்ற சிறு கருவி உண்டு. 2000களில் தகடு எழுதுவோரிடையே அது பிரசித்தம். வேற்றுநாட்டுத் திரைப்படத் தகடுகளைச் சேகரித்தவர்கள் பலரும் அதை அறிவார்கள். 2000ஆம் ஆண்டு முதல் வந்த டிரைவ்களில் மண்டலப் பூட்டு இருந்தது. இந்தியா ஐந்தாம் மண்டலம். ஐந்து முறைக்கு மேல் மண்டலத்தை மாற்ற இயலாது. அந்தப் பூட்டைத் தளர்த்திய நிலைபொருளைத் தேடியே நிறையப் பேர் இந்தக் கருவிக்கு வந்தார்கள். எங்கள் தேவை வேறு.

அதன் கட்டளை ஒரே வரி. முதலில் கருவியின் பெயர். அடுத்து, டிரைவ் எந்தக் கம்பியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும் ஓர் எண். ஒன்று முதல் நான்குவரை. எங்களுடையது இரண்டாம் கம்பியின் முதல் இடம், ஆகவே மூன்று. அதற்கடுத்து ஆர் அல்லது டபிள்யூ என்று ஓரெழுத்து. பிறகு இரண்டு சிறு குறிகள், கோப்பின் பெயர். அவ்வளவே. ஆர் என்றால் டிரைவில் இருப்பதைப் படித்துக் கோப்பாக வைக்கும். டபிள்யூ என்றால் கோப்பில் இருப்பதை டிரைவில் எழுதும். காப்பதற்கும் அழிப்பதற்கும் நடுவே ஓரெழுத்துதான் வேறுபாடு. ஓரெழுத்து ஒருமொழியைப் பற்றி எத்தனையோ ஆண்டுகள் வகுப்பெடுத்திருக்கிறோம். ஓரெழுத்துக்கு இவ்வளவு கனம் உண்டென்று விரல்நுனியில் உணர்ந்தது அன்றுதான்.

ஃப்ரீடாஸை ஒரு யுஎஸ்பி குச்சியில் ஏற்றிக் கணினியை அதிலிருந்து எழுப்பினோம். முதலில் ஆர். கோப்பு விழுந்தது: சரியாக 1,048,576 பைட். ஒருமுறை படித்ததை நம்பாமல், மறுமுறை படித்து வேறு பெயரில் வைத்து, இரண்டையும் பைட் பைட்டாக ஒப்புநோக்கும் கட்டளையைக் கொடுத்தோம். வேறுபாடு இல்லை. பழைய பாடம் பத்திரமாயிற்று. அதைக் குச்சியிலிருந்து வேறு இரு கணினிகளுக்கும் மாற்றிய பின்பே அடுத்த அடி.

ஃபிளாஷ் நினைவகத்துக்கு ஒரு குணம் உண்டு. மேலே எழுதிவிட முடியாது. முதலில் பகுதி பகுதியாக அழித்தாக வேண்டும். பழையது போய்ப் புதியது இன்னும் வந்து முடியாத அந்த இடைநேரத்தில் பெட்டிக்குத் தான் யார் என்பதே தெரியாது. தட்டைத் திறக்கவும் தெரியாது. அப்போது மின்சாரம் நின்றால், பிறகு கேட்பதற்கு உள்ளே ஆள் இல்லை. கணிப்பொறியியல் ஆய்வகத்து உதவியாளர் தம்பி இதைச் சுருக்கமாகச் சொன்னார்: "கரண்டு போச்சுன்னா பெட்டி அவ்வளவுதான் சார்." எங்கள் ஊரில் மின்தடை இலக்கியத் தலைப்பாகவே இருந்த காலம் உண்டு. இப்போது அவ்வளவு இல்லை என்றாலும் மாதாந்திரப் பராமரிப்பு நாள் இருக்கிறது. நாளிதழில் அந்த அறிவிப்பைப் பார்த்து, அந்த வாரத்தில் எங்கள் பகுதி இல்லை என்று உறுதி செய்துகொண்டோம். புதிய மின்கலம் போட்ட யுபிஎஸ் ஒன்றை ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்து, சுவர் இணைப்பைப் பிடுங்கி, கால் மணி நேரம் கணினி தாங்குகிறதா என்று சோதித்தோம். தட்டில் தகடு இருக்கக்கூடாது என்பது விதி. திறந்து பார்த்து மூடினோம்.

பிறகு டபிள்யூ.

திரையில் ஒரு சதவீத எண் ஏறியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அத்தனை பேரும் விசிறியை வெறித்துக்கொண்டிருந்தோம், அது நின்றால் மின்சாரம் போய்விட்டது என்று பொருள் என்பதால். நூறு வந்தது, முடிந்தது என்று ஒரு வரி வந்தது. கணினியை முழுவதும் அணைத்து, சற்றுக் கழித்து மீண்டும் எழுப்பி, நீ யார் என்று டிரைவைக் கேட்டோம். பெயர் அதேதான். கடைசி நான்கெழுத்து மட்டும் மாறியிருந்தது.

பலனைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறோம். 23இல் 14 தகடுகள் முழுமையாகப் படிந்தன. ஐந்து பகுதியளவு. நான்கு ஒன்றுமே தரவில்லை. நிலைபொருள் வெளுத்த சாயத்தைத் திரும்ப நிறமேற்றாது. மங்கலை இன்னும் பொறுமையாகப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும், அவ்வளவே. படிக்கும்போது டிடிரெஸ்க்யூ என்ற கருவியைக் கையாண்டோம். அது எளிதில் படியும் பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கடினமானவற்றைக் குறித்துவைத்துப் பிறகு திரும்பத் திரும்ப முயலும். ஒரு முழுத்தகட்டில் 2048 பைட் கொண்ட கூறுகள் ஏறத்தாழ 23 லட்சம். ஒரே தகட்டோடு இரண்டு பகல் ஓர் இரவு மல்லுக்கட்டியதும் உண்டு.

அந்த ஐந்தில் ஒன்று 114ஆம் எண். கொள்ளிடக்கரையில் நாங்கள் ஆத்தா என்று அழைத்த ஒரு மூதாட்டியின் பாட்டுகள் முழுவதும் அதில்தான். அவருடைய பேத்தி எங்கள் கல்லூரியிலேயே படித்துப்போனவர். ஆத்தாவின் குரல் கிடைக்குமா என்று இரண்டு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். டிவிடி உள்வட்டத்திலிருந்து வெளிவட்டம் நோக்கி எழுதப்படுவது. சாயமும் பெரும்பாலும் விளிம்பிலிருந்தே கெடும். அதனால் முதலில் பதிந்தவை தப்பின, கடைசியில் பதிந்தவை போயின. தாலாட்டும் நடவுப் பாட்டும் முழுமையாகக் கிடைத்தன. தன் கணவருக்காக அவர் பாடிய ஒப்பாரி விளிம்பில் இருந்தது. அதில் முதல் சில அடிகளுக்கு மேல் இல்லை. பேத்தியிடம் கோப்பைக் கொடுத்தபோது இதையும் சொன்னோம். "தாலாட்டு இருக்கில்ல சார், அது போதும்" என்றார். போதாது என்பது எங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

எண்மமாக்கிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று கருத்தரங்குகளில் பேசப்படும்போதெல்லாம் எங்களுக்கு இந்த நான்கு தகடுகள் நினைவுக்கு வருகின்றன. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றியபோது, ஓலையைத் தாளாக்கியது மட்டும் அவர் வேலையாக இருக்கவில்லை. படிக்க முடியாததைப் படிக்கக்கூடியதாக்கினார். புள்ளி வைத்தார், பாடம் ஒப்பிட்டார், குறிப்புகள் எழுதினார். படிக்கும் அறிவை ஏட்டோடு சேர்த்தே அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார். நாம் தகட்டைக் கொடுக்கிறோம். படிக்கும் அறிவைப் பெட்டிக்குள் ஒரு சில்லில் விட்டுவிடுகிறோம். அந்தச் சில்லுக்கு உரையாசிரியர்கள் இல்லை. அதைச் செய்த நிறுவனம் கடையைக் கட்டினால் பதிப்பும் நின்றுவிடுகிறது.

இப்போது மீட்ட ஒலிக்கோப்புகள் மூன்று இடங்களில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று வேறு ஊரில். பழைய டிரைவைக் கழற்றி, உறையிலிட்டு, அதே அலமாரியில் வைத்திருக்கிறோம். கூடவே நிலைபொருளின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் அடங்கிய குச்சி ஒன்று. கட்டளை வரியைப் பெரிய எழுத்தில் எழுதிய தாள் ஒன்று. ஆர் எது, டபிள்யூ எது என்பதை அதில் தமிழிலேயே விளக்கியிருக்கிறோம். படியாத நான்கு தகடுகளைத் தூக்கிப்போட மனமில்லை. இதைவிடப் பொறுமையாகப் படிக்கத் தெரிந்த பெட்டி ஒன்று யாரிடமாவது இருந்தால், அந்த நான்கையும் எடுத்துக்கொண்டு வரத் தயாராக இருக்கிறோம்.